ரூட் எட்டுக்குள்ள ரெண்டு ரூட் ரெண்டு

போன வருஷம் மழை சீசன்ல ஒரு ராத்திரி, கடலூர் திருப்பாப்புலியூர் வீட்டுல கரண்ட் போயி, எமர்ஜென்சி லைட்டு வெளிச்சத்துல ஒன்பதாம் வகுப்பு நோட்டு திருத்திட்டு இருந்தேன். அன்னிக்கு கிளாஸ் முடியறப்ப ஒரே ஒரு கணக்குதான் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தேன், √8 + √2 எவ்வளவுன்னு. முதல் நோட்டுல √10. ரெண்டாவதுலயும் √10. மூணாவது பொண்ணு 3√2ன்னு சரியா போட்டிருந்தா. நாலாவது மறுபடியும் √10, அதுவும் ஸ்கெட்ச்ல பொட்டி கட்டி, அழகா. கடைசி நோட்டு மூடறப்ப பாதிக்கு மேல பசங்க √10னுதான் எழுதியிருந்தாங்க.

அந்தப் பாடத்தை நான் ரெண்டு நாளா நடத்தியிருந்தேன், போர்டு நிறைய கணக்கு போட்டேன், பசங்களும் தலையாட்டினாங்க, "புரிஞ்சுதா"ன்னு கேட்டா "புரிஞ்சுது மிஸ்"னு கோரஸா சொன்னாங்க, அப்புறமும் இப்படின்னா தப்பு அவங்க பக்கம் இல்லன்னு அன்னிக்கு ராத்திரி எனக்கு நல்லாவே தெரிஞ்சுது.

யோசிச்சுப் பாருங்க, √2 × √8 = √16, அதாவது 4, இது சரி. பெருக்கும்போது ரெண்டையும் ஒரே ரூட்டுக்குள்ள தூக்கிப் போடலாம்னு நாமதான் சொல்லிக் கொடுக்கறோம், புக்குலயும் விதின்னு கட்டம் கட்டிப் போட்டிருக்கு. பெருக்கலுக்கு ஆகறது கூட்டலுக்கு ஏன் ஆகாதுன்னு ஒரு பதிமூணு பதினாலு வயசுப் புள்ளை நினைக்கறது ரொம்ப நியாயம். இன்னொண்ணும் இருக்கு. சின்ன கிளாஸ்லேர்ந்து விடைன்னா ஒரே ஒரு நம்பர்னு பழக்கிட்டோம், கூட்டல் குறி இன்னும் பாக்கி இருந்தா கணக்கு முடியலன்னு பசங்களுக்குத் தோணும், அதனால எப்படியாவது அந்தக் குறியை அழிக்கணும்னு பாக்கறாங்க, அழிக்கறதுக்கு இருக்கறதிலேயே ஈஸியான வழி உள்ள இருக்கற நம்பரைக் கூட்டிடறதுதான்.

√9 + √16 போட்டுக் காட்டலாம், 3 + 4 = 7, ஆனா √25ன்னா 5, பாத்தியா ரெண்டும் வேறன்னு. நானும் வருஷா வருஷம் காட்டுவேன். பசங்க பாத்துட்டு ஆமாம்பாங்க, அடுத்த கணக்குல √8 + √2 வந்தா மறுபடி √10. 9, 16 எல்லாம் முழுசா ரூட் வர்ற நம்பர், அதுக்கு ஒரு சட்டம், வராத நம்பருக்கு வேற சட்டம்னு மனசுக்குள்ள ரெண்டு டப்பா வச்சிருக்காங்கன்னு எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

அப்புறம் நம்ம எல்லா டீச்சரும் சொல்ற அந்தப் பழக் கதை. ரெண்டு ஆப்பிளையும் மூணு ஆரஞ்சையும் கூட்டினா அஞ்சு ஆப்பிள்னு சொல்ல முடியுமா, முடியாதுல்ல, அதே மாதிரிதான் √2வும் √3யும்னு. √2 + √3க்கு இந்தக் கதை நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா √8 + √2 வந்ததும் இதே கதை காலை வாரி விட்டுடும். பாக்கறதுக்கு அது ஆப்பிள், இது ஆரஞ்சு, கூட்ட முடியாதுன்னு விட்டுடுவான் புள்ளை. உள்ளுக்குள்ள ரெண்டும் ஒரே பழம்னு கதையில எங்கயும் வரல. அதனால நான் ஆப்பிளை விட்டுட்டு நம்ம பண்ருட்டி பலாவுக்கு மாறிட்டேன். √8ங்கறது உரிக்காத பழம். வெளியில முள்ளா இருக்கும், என்னன்னு தெரியாது. உரிச்சா உள்ள ரெண்டு சுளை, ஒவ்வொண்ணும் √2. √12ஐ உரிச்சா ரெண்டு √3 சுளை. √75ஐ உரிச்சா அஞ்சு √3 சுளை. உரிக்கற கத்தி 4, 9, 16, 25, 36 இந்த வர்க்க எண்கள்தான். உரிச்சு முடிச்சப்புறம்தான் எது எதோட சேரும்னு பேசவே முடியும். எங்க ஜில்லாப் புள்ளைங்களுக்கு பலாப்பழம் உரிக்கத் தெரியும், கையில எண்ணெய் தடவிக்கணும்னு கூடத் தெரியும், அதனால இது சட்டுனு ஒட்டிக்கிச்சு.

ஆனா கதை கதைதான். √10 தப்புன்னு நான் சொல்றதுக்கும், அது தப்புன்னு அந்தப் புள்ளை கண்ணால பாக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நான் சிகப்பு மையில அடிச்சா அது என் கோபம், அவ்வளவுதான். பொருளே அதைத் தப்புன்னு சொல்லணும். அதுக்காகத்தான் கயிறு.

எங்க ஸ்கூல் முற்றம் சிமெண்ட் தரை. மழை விட்டு தரை காஞ்ச ஒரு நாள் ரெண்டாவது பீரியட்ல பசங்களை ஆறு ஆறு பேரா பிரிச்சு வெளிய கூட்டிட்டுப் போனேன். கோலம் போடத் தெரிஞ்ச பொண்ணுங்க கையில சாக்பீஸ் கொடுத்து, 30 செமீ ஸ்கேலை ஒரு யூனிட்டா வச்சு, ஆறுக்கு ஆறு புள்ளி வைக்கச் சொன்னேன், அதாவது பக்கத்துக்கு அஞ்சு கட்டம். புள்ளிக் கோலம் மாதிரியே, இடைவெளி மட்டும் பெருசு. அஞ்சு நிமிஷத்துல முற்றம் முழுக்க புள்ளி. நானா வச்சிருந்தா அரை பீரியட் போயிருக்கும்.

ஒரு கட்டத்துக்குக் குறுக்கால மூலைக்கு மூலை கயிறு பிடிச்சா அதோட நீளம் √2 யூனிட், பித்தாகரஸ் எட்டாவதிலேயே படிச்சுட்டாங்க. ரெண்டுக்கு ரெண்டு கட்டத்தோட குறுக்குக் கயிறு 4 + 4, √8. மூணுக்கு மூணு √18. அஞ்சுக்கு அஞ்சு √50. ஒண்ணுக்கு மூணு கட்டத்துல குறுக்கால பிடிச்சா 1 + 9, அதுதான் √10. ஒவ்வொரு குரூப்பும் இந்த நீளத்துல கயிறு வெட்டி, துண்டுப் பேப்பர்ல பேர் எழுதி ஒட்டணும். அவ்வளவுதான் முதல் வேலை.

முதல் தடவை நான் நைலான் கயிறு வாங்கிட்டுப் போனேன். தேவனாம்பட்டினத்துல இருந்து வர்ற ஒரு பையன், அவங்க அப்பா கடலுக்குப் போறவர், கயிறைக் கையில வாங்கி ஒரு இழு இழுத்துப் பாத்துட்டு "இது நீளும் மிஸ், அளவு நிக்காது"ன்னான். சொன்ன மாதிரியே ஆச்சு, ஒரே √8 கயிறு ஒவ்வொரு குரூப்ல ஒவ்வொரு நீளம். மறுநாள் மளிகைக் கடையில பொட்டலம் கட்டற சணல் வாங்கினேன், அது நின்னுச்சு. ரெண்டு கயிறைச் சேத்து முடிச்சுப் போடப் போன பொண்ணையும் அவன்தான் தடுத்தான், "முடிச்சு போட்டா முடிச்சுல கொஞ்சம் கயிறு பூடும்"னு. அதனால தரையில முனைக்கு முனை ஒட்டினாப்புல வைக்கறதுன்னு முடிவு பண்ணினோம். கணக்குல பாஸ் மார்க்குக்கே தடுமாறற பையன் அவன். அளக்கற விஷயத்துல அந்தக் கிளாஸ்லேயே அவன்தான் பெரிய ஆளுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். √8 கயிறையும் √2 கயிறையும் முனைக்கு முனை வைங்க, பக்கத்துல √10 கயிறை வைங்கன்னு சொன்னேன். √10 கயிறு 95 செமீ கிட்ட வருது. மத்த ரெண்டும் சேந்து 127 செமீ. ஒரு ஸ்கேல் நீளத்துக்கு மேலயே இடைவெளி, கண்ணுக்கு முன்னாடி தரையில கிடக்குது. யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் ஒருத்தி "மிஸ், நாங்க வெட்டினது தப்பா?"ன்னு கேட்டா. திருப்பி அளந்து பாருன்னேன். அளந்தா. அதேதான். பக்கத்து குரூப்ல போயி அவங்க கயிறையும் அளந்துட்டு வந்தா, அங்கயும் அதே. நோட்டுல பொட்டி கட்டி √10னு எழுதின பொண்ணு அவதான், கையில இருந்த சாக்பீஸை அப்படியே வச்சுக்கிட்டு அந்த இடைவெளியையே பாத்துட்டு நின்னா.

நான் ஒண்ணும் சொல்லல. √18 கயிறை எடுத்து வச்சுப் பாக்கலாமான்னு மட்டும் கேட்டேன். வச்சாங்க. முனைக்கு முனை சரியா உக்காந்துது. அப்புறம் √2 கயிறை எடுத்து √8 மேல வச்சு, ஒண்ணு, ரெண்டுன்னு அளந்தாங்க, √18 மேல ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு பையன் திடீர்னு கத்தினான், "மிஸ், எல்லாமே ரூட் ரெண்டுதான் மிஸ்!" அந்தக் கத்தல்தான் எனக்கு வேணும். √8 = 2√2ன்னு நான் போர்டுல நூறு தடவை எழுதியிருப்பேன். ஒரு கயிறு இன்னொரு கயிறுல மிச்சமில்லாம ரெண்டு தடவை அடங்குதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம்னு எழுத்துல தெரியாது.

கழித்தலுக்கு இதைவிட நல்லா அமைஞ்சுது. √50 − √18 − √8 போடச் சொன்னேன். நோட்டுல போட்டவங்கள்ல நிறைய பேர் 50ல 18 போச்சு, 8 போச்சு, மிச்சம் 24, விடை √24. சரி, உங்க விடைப்படி எவ்வளவு கயிறு மிச்சம் இருக்கணும்னு கேட்டேன். √24ன்னா 5க்குக் கொஞ்சம் கம்மி, 4.9னு வச்சுக்கிட்டா ஒண்ணரை மீட்டர் கிட்ட வரணும். அஞ்சு கட்டத்துக்குக் குறுக்கால பிடிச்ச அந்தப் பெரிய √50 கயிறை எடுத்து, அதுல √18 நீளத்துக்கு வெட்டு, அப்புறம் √8 நீளத்துக்கு வெட்டுன்னேன். வெட்டிட்டாங்க. கையில ஒண்ணும் இல்ல. கத்தரிக்கோல் பிடிச்சிருந்த பையன் ரெண்டு துண்டையும் ரெண்டு கையில வச்சுக்கிட்டு, "மிச்சம் எங்க மிஸ்?"ங்கறான். 5√2ல 3√2 போயி 2√2 போனா பூஜ்யம். பூஜ்யம் ஒரு விடையா வரும்னு யாருமே நினைக்கல.

கழித்தல்ல வேற ஒரு சிக்கலும் இருக்கு, அடைப்புக்குறி. √50 − (√18 − √8)ன்னு கொடுத்தா, வெட்டின துண்டுல கொஞ்சம் திருப்பிக் கொடுக்கணும்ங்கறது கயிறுல நல்லாப் புரியுது, 3√2 வெட்டப் போனவன் 2√2 திருப்பிக் கொடுத்தா மொத்தத்துல ஒண்ணுதான் போச்சு, மிச்சம் 4√2.

கடைத்தெருவுல பாத்த ஒரு தோழி, அவங்க பாண்டிச்சேரில டீச்சர், அங்க அரசுப் பள்ளிகளெல்லாம் இப்ப சிபிஎஸ்இக்கு மாறிட்டதால புக்கு வேற, ஆனா அவங்க பசங்களும் இதே √10தான் எழுதறாங்கன்னு சொன்னாங்க. புக்கு மாறினா தப்பு மாறாது போல.

இந்த தப்புக்குப் பின்னாடி இருக்கற இன்னொரு தப்பைப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும். (a + b)² எவ்வளவுன்னு கேட்டா a² + b²ன்னு எழுதற பசங்க இருக்காங்கல்ல, √2 + √8 = √10னு எழுதறதும் பெரும்பாலும் அவங்கதான். ரெண்டும் ஒரே தப்பு, வேற வேற சட்டை போட்டுக்கிட்டு வருது. √2 + √8ஐ ஒரு சதுரத்தோட பக்கம்னு வச்சுக்கங்க. அந்தச் சதுரத்துக்குள்ள √2 பக்கம் உள்ள ஒரு சின்னச் சதுரம், பரப்பு 2. √8 பக்கம் உள்ள பெரிய சதுரம், பரப்பு 8. ரெண்டும் சேந்து 10. ஆனா ரெண்டு மூலையில ரெண்டு செவ்வகம் பாக்கி கிடக்கு, ஒவ்வொண்ணும் √2 × √8, அதாவது 4. மொத்தம் 2 + 8 + 4 + 4 = 18. √10னு எழுதறவங்க அந்த ரெண்டு செவ்வகத்தையும் மறந்துடறாங்க. எங்க புள்ளிக் கட்டத்துலேயே இதைச் சாய்ஞ்ச சதுரமா வரைய முடியும், ரெண்டு ஓரத்துல இன்னும் கொஞ்சம் புள்ளி சேத்து வச்சா போதும். வரைஞ்சு, அந்த ரெண்டு செவ்வகத்துக்கு மட்டும் கலர்ப்பொடி போடச் சொன்னேன். மார்கழி மாசமா இருந்தா கலர்ப்பொடிக்கும் பஞ்சம் இல்ல.

இந்தக் கணக்கு இன்னிக்கு நேத்து கணக்கு இல்ல. 12ஆம் நூற்றாண்டுல பாஸ்கரர்ங்கற கணித மேதை தன்னோட பீஜகணிதம்ங்கற புத்தகத்துல இந்த மாதிரி மூலங்களை கரணின்னு சொல்லி, அதுங்களைக் கூட்டறதுக்கும் கழிக்கறதுக்கும் வழி சொல்லியிருக்காரு. அவர் முதல்ல கொடுக்கற எடுத்துக்காட்டு 2ம் 8ம்தான். நான் கிளாஸ்ல கொடுத்த அதே கணக்கு. அவர் வழி என்னன்னா, ரெண்டையும் கூட்டு, 10. பெருக்கி வர்க்கமூலம் எடு, 4, அதை ரெண்டு மடங்காக்கு, 8. பத்தோட எட்டைக் கூட்டினா 18, கூட்டலுக்கு விடை √18. பத்துல எட்டைக் கழிச்சா 2, கழித்தலுக்கு விடை √2. அந்த எட்டுதான் நம்ம கலர்ப்பொடி போட்ட ரெண்டு செவ்வகம். அடுத்து 3ம் 27ம். கூட்டினா 30, பெருக்கினா 81, அதுக்கு மூலம் 9, ரெண்டு மடங்கு 18, ஆக √48, √12. அதுக்கு அடுத்து 3ம் 7ம்னு ஒரு ஜோடி வைக்கறாரு. பெருக்கினா 21, முழு வர்க்கம் இல்ல, ரெண்டும் சேரவே சேராது, தனித்தனியாத்தான் நிக்கும். ஒரு வாத்தியாரா எனக்கு இந்த மூணாவது ஜோடிதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. முதல் ரெண்டும் சேந்துச்சேன்னு புள்ளை அதே ஜோர்ல மூணாவதையும் சேக்கப் போவான்னு தெரிஞ்சு வச்சிருக்காரு. இத்தனைக்கும் இந்த √ குறியே அப்பக் கிடையாது, அது 1525ல ருடால்ஃப்னு ஒருத்தர் ஜெர்மன் மொழிப் புத்தகத்துல அச்சுல போட்டதுதான்.

சரி, அடுத்தது. கயிறு ரெண்டு பீரியடுக்கு மேல இழுக்கக் கூடாது. புரிஞ்சப்புறம் பயிற்சி வேணும், கை ஓடணும், அதுக்கு வேற விளையாட்டு.

எங்க வீட்டுல கல்யாணப் பத்திரிகை சேத்து வைக்கற பழக்கம் உண்டு, பின்பக்கம் வெள்ளையா, அட்டை நல்லா கெட்டியா இருக்கும். அதை வெட்டி நாப்பது கார்டு பண்ணினேன். √2 குடும்பத்துக்கு √2, √8, √18, √32, √50, √72, √98. √3 குடும்பத்துக்கு √3, √12, √27, √48, √75. √5, √6ன்னு மத்த குடும்பங்களும், √6ல √24, √54, √150 இதெல்லாம் பசங்களைக் கொஞ்சம் சுத்த விடும். ஆளுக்கு ஒரு கார்டு சட்டையில குத்திக்கிட்டு, வாயைத் திறக்காம, தன்னோட சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சு ஒண்ணா நிக்கணும். பேசக்கூடாதுன்னதும் அவங்கவங்க மனசுக்குள்ள உரிச்சுப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க, அதுதான் எனக்கு வேணும். √72 கார்டு வச்சிருந்தவன் உள்ளங்கையில பேனாவால 4 × 18னு எழுதி, 2√18னு நிறுத்திட்டு, எனக்கு யாருமே இல்லன்னு சுத்திட்டு இருந்தான். √18 கார்டு போட்டவ அவனைத் தாண்டிப் போயி √2 கூட நின்னதைப் பாத்துட்டுத்தான் 18ஐ இன்னும் உரிக்கலாம்னு அவனுக்கே உறைச்சுது. பாதி உரிச்சு நிறுத்தறது இந்தப் பாடத்துல ரொம்ப சகஜமான தப்பு, நான் சொல்லாமலேயே அது சரியாச்சு.

குடும்பம் சேந்ததும் வீட்டு மொத்தம் போடணும். √2 வீட்டுக்கு 1லேர்ந்து 7 வரைக்கும் கூட்டி 28√2. அப்புறம் சிகப்பு மையில எழுதின கார்டு ஒண்ணு ரெண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தருவேன், அது கடன். √2 வீட்டுக்கு √200 கடன் வந்தா 10√2 போயிடும், மிச்சம் 18√2. கடன்னு சொன்னா மைனஸ் குறி தப்பவே தப்பாது, வீட்டுல அதைத் தினம் பாக்கற புள்ளைங்க.

இதுல நான் ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லணும். √7 கார்டு ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன், சொந்தம் இல்லாத ரூட்டும் இருக்கும்னு காட்டறதுக்கு. அது யார் கைக்குப் போச்சுன்னா, கிளாஸ்ல யாரோடயும் அதிகம் பேசாத ஒரு பையன் கைக்கு. எல்லாரும் குடும்பம் குடும்பமா நிக்க, அவன் மட்டும் போர்டு பக்கத்துல தனியா நின்னான். முகம் சுண்டிப் போச்சு. அதுக்கப்புறம் தனி ரூட் கார்டு எப்பவுமே நாலு அஞ்சு வைக்கறேன், √7, √10, √13, √30ன்னு, அவங்கள்லாம் நடுவுல ஒரு கூட்டல் கார்டு பிடிச்சுக்கிட்டு வரிசையா கைகோத்து நிப்பாங்க, √7 + √10 + √13ன்னு. அதுவும் ஒரு முழு விடைதான்னு சத்தமா படிக்கச் சொல்லுவேன். பாடத்துக்கும் அதுதான் சரி.

மாயச் சதுரம் ஒண்ணு உண்டு, அது மழைக்கு வெளிய போக முடியாத நாளுக்கு. போர்டுல மூணுக்கு மூணு கட்டம் போட்டு இப்படி எழுதுவேன்:

√12 √147 √108
√243 √75 √3
√48 √27 √192

படுக்கை, நெடுக்கை, குறுக்கு எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை வரணும், வருதான்னு பாருங்க. உரிச்சுக் கூட்டறவங்களுக்கு 2, 7, 6ன்னு நம்ம பழைய மாயச் சதுரமே √3 போட்டுக்கிட்டு வந்து நிக்கும், எல்லாப் பக்கமும் 15√3. உள்ளுக்குள்ளயே கூட்டறவங்களுக்கு இதுல ஒரு பொறி இருக்கு. முதல் வரிசை 12 + 147 + 108, 267. மூணாவது வரிசை 48 + 27 + 192, அதுவும் 267! ஆஹா சரியா வருதுன்னு குதிப்பாங்க. நடு வரிசை போட்டா 321. அங்க நிப்பாங்க. நான் இதைத் தேடிப் பிடிக்கல, ஒரு பொண்ணு "ரெண்டு வரிசை வந்துச்சு, ஒண்ணு வரல, நீங்க நம்பர் மாத்தி எழுதிட்டீங்க மிஸ்"னு சண்டைக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரியும். அவ தப்பை நான் சொல்லல, சதுரம்தான் சொல்லுச்சு.

தப்பைக் கண்டுபிடிக்கற விளையாட்டும் பண்ணுவேன், ஒரு கணக்கை வேணும்னே தப்பாப் போட்டு எந்த வரியில சறுக்குச்சுன்னு கேக்கறது. நல்லதுதான், ஆனா தப்பை முதல்லயே காட்டினா சில பசங்களுக்கு அந்தத் தப்பே மனசுல பதிஞ்சுடும், அதனால கடைசி நாள்தான் வச்சுக்குவேன். ஹைடெக் லேப்ல கம்ப்யூட்டர்ல வினாடி வினா நடத்தறதுல எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்ல, நாலு விடையில ஒண்ணைத் தட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க, ஏன் அந்த விடைன்னு யோசிக்க நேரமே இருக்காது. கனமூலம் வந்தா ∛16 + ∛54 = 5∛2ன்னு ஒரு நாள் போதும், √2வையும் ∛2வையும் சேக்கக் கூடாதுங்கறது கார்டு விளையாட்டுல ரெண்டு கார்டு கூடப் போட்டா புரிஞ்சுடும்.

ஒரு தடவை பசங்க முற்றத்துல கயிறோட இருக்கும்போது பார்வையிட வந்த ஒருத்தர், இது கணக்கு பீரியடா பி.டி. பீரியடான்னு பசங்க முன்னாடியே கேட்டாரு. போர்ஷன் முடிக்கலயா, ஒரே சத்தமா இருக்கேன்னாரு. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு, பதில் சொல்ல வாய் வரல. போர்ஷன் எனக்கும் தெரியும், ஒன்பதாவதுல மெய்யெண்கள் பாடத்துக்கு எவ்வளவு நாள்னு தெரியும், ஆனா √10னு எழுதிட்டு பத்தாவதுக்குப் போற புள்ளை அங்க இருபடிச் சமன்பாட்டுல, முக்கோணவியல்ல, ஒவ்வொரு இடத்துலயும் அதே குழியில விழும். இப்ப நாலு பீரியட் செலவு பண்ணலன்னா அப்ப யாரு செலவு பண்றது?

கயிறு விளையாட்டுல ஒரு குறை இருந்துச்சு, அதையும் ஒரு பொண்ணுதான் கண்டுபிடிச்சா. "ரூட் மூணுக்குக் கயிறு எங்க மிஸ்?" புள்ளிக்குப் புள்ளி எப்படிப் பிடிச்சாலும் √3 கிடைக்காது, ஏன்னா ரெண்டு முழு எண்ணோட வர்க்கத்தைக் கூட்டி 3 வராது. 7ம் வராது. அன்னிக்கு மணி அடிச்சுட்டதால நாளைக்குப் பாக்கலாம்னுட்டேன். மறுநாள் √2 கயிறைத் தரையில நீட்டி வச்சு, அதோட முனையில பெரிய மூலைமட்டத்தை வச்சு நேரா மேல ஒரு ஸ்கேல் கோடு இழுத்தோம். 2 + 1, அந்த முக்கோணத்தோட சாய்வுல பிடிச்ச கயிறு √3. அந்த √3 கயிறையே மறுபடி கீழ நீட்டி வச்சு, முனையில நேரா மேல ரெண்டு ஸ்கேல் கோடு. 3 + 4. சாய்வுல √7.

அப்ப பாஸ்கரர் வச்ச அந்த மூணாவது ஜோடி இப்ப நம்ம கையில இருக்குன்னு சொன்னேன். √3 கயிறு 52 செமீ, √7 கயிறு 79 செமீ. பசங்க விடல. ஒண்ணை ஒண்ணு மேல வச்சுப் பாத்தாங்க, ஒரு தடவை அடங்கி மிச்சம் வந்துது, அந்த மிச்சத்தை √3 மேல வச்சாங்க, ஒரு தடவை அடங்கி அங்கயும் மிச்சம். முனைக்கு முனை வச்சு √10 கயிறோட பாத்தாங்க, √10 எட்டவே எட்டல. √18 கயிறோட பாத்தாங்க, கிட்ட வந்துது, ஆனா நாலு செமீ தள்ளி நின்னுச்சு. "அப்ப இதுக்கு என்ன பேர் மிஸ்?"ன்னு கேட்டான் தேவனாம்பட்டினத்துப் பையன். நீயே சொல்லுன்னேன்.

அவன் ரெண்டு கயிறையும் முடிச்சு போடாம, முனைக்கு முனை வச்சு செல்லோ டேப் சுத்தி ஒட்டினான். துண்டுப் பேப்பர்ல √3 + √7ன்னு எழுதினான், கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான், அப்புறம் ஈக்குவல்டு எதுவும் போடாம அப்படியே ஒட்டிட்டான். எங்க கிளாஸ் ஜன்னல் ஆணியில இன்னும் அது தொங்குது.